எண்பத்து மூன்றால் வகுக்காமல் விட்டது

என் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டால் பாஸ்புத்தகத்தைத் தேடுவேன். கைபேசி எண்ணைக்கூடச் சில சமயம் தடுமாறித்தான் சொல்வேன். ஆனால் 716539 என்ற எண்ணை மட்டும் எந்த நேரத்தில் யார் கேட்டாலும் ஒரு இலக்கம் பிசகாமல் சொல்வேன். ஏழு லட்சத்துப் பதினாறாயிரத்து ஐந்நூற்று முப்பத்தொன்பது. 

பிளானிங் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகத் தங்கள் பெருமையைத்தான் எழுதுவார்கள். பெருமைப்பட எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்தக் கியர் பட்டறையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கணக்குப் போட்ட கோமதி ஒரு மனிதரின் பிழைப்பில் எப்படி மண்ணைப் போடப் பார்த்தாள் என்பதை எழுதுகிறேன். இது உங்களுக்கு அதிகம் உதவும்.

முதலில் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாய்ந்த பல் வைத்த கியர் வெட்டும்போது, பல் எவ்வளவு சாய வேண்டும் என்பதை மெஷினின் பக்கவாட்டில் மாட்டும் சின்ன கியர்கள்தான் முடிவு செய்யும். கணக்குப் போட்டால் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கத்தில் ஓர் எண் வரும். புள்ளியைத் தூக்கிவிட்டு அதை முழு எண்ணாகப் பார்ப்போம். கீழே பத்து லட்சம். நூறை மூன்று முறை பெருக்கினால் அது வரும், அதற்கு நூறு பல் கியர் மூன்று தனியாக வைத்திருந்தோம். மேலே இருக்கும் எண், அலமாரியில் உள்ள மூன்று கியர்களின் பெருக்கலாக உடைந்துவிட்டால் சாய்வு துல்லியமாக வரும். உடையாவிட்டால், பக்கத்தில் இருக்கிற வேறொரு உடையும் எண்ணை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

உடையும் எண், உடையாத எண். எங்களுக்கு இந்த இரண்டே வகை. கணக்கு வாத்தியார்கள் பகு எண், பகா எண் என்பார்கள்; அது வேறு. எங்கள் அலமாரியில் இருபது பல்லில் தொடங்கி நூறு பல் வரை ஒன்று விடாமல் கியர் இருந்தது, அதற்கு மேல் கிடையாது. ஓர் எண் நூற்று மூன்றால் வகுபட்டால் வாத்தியாருக்கு அது பகு எண். அலமாரியில் நூற்று மூன்று பல் கியர் இல்லாததால் எங்களுக்கு அது உடையாத எண்தான்.

என் மேஜைக்குப் பின்னால் ஒரு கரும்பலகை இருந்தது. இடது பக்கம் உடைந்த எண்கள், வெள்ளை சாக்பீஸில். வலது பக்கம் உடையாதவை, சிவப்பு சாக்பீஸில். ஒருமுறை சிவப்பில் ஏறிய எண்ணை மறுபடி யாரும் வகுத்துப் பார்க்க மாட்டார்கள். நேரத்தை மிச்சப்படுத்த வந்த வழக்கம் அது. அந்தப் பலகையில் எழுதும் உரிமை எனக்கு மட்டும் இருந்தது, அதில் எனக்குத் தலைகால் புரியாத கர்வமும் இருந்தது. வாடிக்கையாளர்கள் வந்தால் முதலாளி என்னைக் கைகாட்டி, "நம்ம கோமதி போட்ட நம்பர் தப்பாவாது" என்பார். பட்டாபிராமில் ரயில் ஏறினால் டிக்கெட்டில் இருக்கும் எண்ணை அம்பத்தூர் வருவதற்குள் உடைத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் புது பைக் வாங்கி வந்தபோது, "உங்க வண்டி நம்பர் பதிமூணால உடையுது" என்று சொல்லி அவரை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தவள் நான்.

ஆந்திரப் பக்கத்து ஆலை ஒன்றிலிருந்து ஒரு வேலை வந்தது. ஆள் உயரத்தில் பாதி இருக்கும், நல்ல அகலமான கியர். பழசு உடைந்து ஆலை நின்றுபோயிருந்தது. மூன்று ஜோடி கியர் மாட்டும் வசதி எங்களிடம் ஒரே ஒரு மெஷினில்தான் உண்டு. அதை ஓட்டியவர் பூந்தமல்லிக்காரர் சாதிக் பாய். என்னைவிட மூத்தவர், எட்டாவது வரை படித்தவர், என்னைக் கோமதிம்மா என்பார். எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம்: கியர் வெட்டி முடித்ததும் ஆப்பரேட்டர் தன் டோக்கன் எண்ணை அதன் முகத்தில் சுத்தியலால் பஞ்ச் அடிப்பார். பாயின் எண் 17. அவர் அடிக்கிற இரண்டு அடியில் அவ்வளவு கம்பீரம் இருக்கும். கணக்குப் போட்ட எனக்கு அப்படி எந்த எண்ணும் கிடையாது. கணக்குத் தாள் வேலை முடிந்ததும் குப்பைக்குப் போய்விடும்.

அன்றைக்கு முதலாளி போனைக் காதில் வைத்தபடியே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். எதிர்முனையில் ஆலைக்காரர் கத்துவது எனக்கே கேட்டது. நான் கால்குலேட்டரில் 716539ஐ வகுத்துக்கொண்டிருந்தேன். மூன்று, ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று ஒவ்வொரு பகா எண்ணாக மேலே ஏறினேன். எதிலும் மீதி இல்லாமல் போகவில்லை. எழுபத்தொன்று, எழுபத்து மூன்று, எழுபத்தொன்பது வரைக்கும் வந்துவிட்டேன்.

"இன்னாம்மா, ஒடையுதா ஒடையாதா? லைன்ல கீறாரு."

நூறுக்குள் மொத்தம் இருபத்தைந்து பகா எண்கள். இருபத்திரண்டைப் பார்த்தாகிவிட்டது. மூன்றுதான் பாக்கி. இருபத்திரண்டில் அசையாதது இந்த மூன்றிலா அசையப்போகிறது என்று நினைத்தேன்.

"உடையாது சார்," என்றேன்.

எழுந்து போய்ச் சிவப்பு சாக்பீஸில் எழுதினேன். அதற்குப் பதிலாக அறுபதுக்கு நாற்பத்து மூன்று என்று ஒரு விகிதத்தைக் கொடுத்தேன். சாய்வு கொஞ்சம் தள்ளிப்போகும். குறுகலான கியரில் தெரியவே தெரியாது, பலமுறை அப்படிச் செய்து தப்பித்திருக்கிறோம். சாதிக் பாய் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கோமதிம்மா, இது அகலமான ஜாப்பாச்சே. இம்மாந்தூரம் தள்ளிப்போனா ஓரத்துல இடிக்காதா?"

"போர்டுல சிவப்புல எழுதியிருக்கேன் பாய். வேற வழியில்ல. இது போதும், வெட்டுங்க."

வெட்டினார். 17 அடித்தார். கியர் போனது, மூன்றாம் வாரம் திரும்பி வந்தது. பற்களில் நீலம் தடவி இன்னொரு கியரோடு சுற்றினால், நீலம் பல்லின் முழு அகலத்துக்கும் ஒட்ட வேண்டும். இதில் ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. அவ்வளவு பெரிய கியரைச் சோதிக்கும் கருவி எங்களிடம் இல்லை. முதலாளி 17 என்ற எண்ணைப் பார்த்தார், பாயைக் கூப்பிட்டார். கியர் ஆடியிருக்கும், சரியாக முடுக்கியிருக்க மாட்டாய் என்று திட்டினார். பாய் எல்லாவற்றையும் இருமுறை சரிபார்த்து, அதே தாளை வைத்து இரண்டாவது வெட்டினார். அதுவும் திரும்பி வந்தது. அதே ஓரம், அதே நீலம்.

அதற்குள் நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. எல்லோரும் சுற்றி நிற்க முதலாளி சத்தம் போட்டார்.

"பச்சத் தண்ணி பல்லுல படாம நாள் பூரா மிஷின்ல நின்னா கண்ணு இருட்டாதா பாய்? ரெண்டு ஜாப்பு போச்சு. இன்னாம்மா கோமதி, நான் சொல்றது?"

நான் தலையாட்டினேன்.

முதல் கியரை வெட்டியது நோன்பு தொடங்குவதற்கு முன்பு என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. இரண்டு கியரிலும் ஒரே ஓரத்தில் ஒரே அளவு பிசகு இருப்பதும் உறைக்கவில்லை. கை தவறியிருந்தால் ஒரே மாதிரியா தவறும்? எண் தவறினால்தான் அப்படி வரும். எனக்குத் தெரிந்த விஷயம்தான் அது. ஆனால் பலகையில் என் கையெழுத்தில் சிவப்பாக எழுதியிருந்ததே, பிறகு எதற்கு யோசிப்பேன்?

"மூணாவது குடுக்கிறேன்," என்றார் முதலாளி. "இதுவும் வாபஸ் வந்துச்சுன்னா நீ வேற எடம் பாத்துக்க."

இருபது வருஷம் அந்த மெஷினில் நின்ற மனிதரிடம் சொன்னார். பாய் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

நாலைந்து நாள் கழித்து, மதிய உணவு மணி அடித்து எல்லோரும் போன பிறகு, நான் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது சாதிக் பாய் உள்ளே வந்தார். நோன்பு வைத்திருக்கிறவர் முன்னால் எப்படிச் சாப்பிடுவது என்று டப்பாவை மூடினேன். அவர் கையில் மூன்று கியர்கள். எண்ணெய் வழிகிறது என்றுகூடப் பார்க்காமல் என் வெள்ளைத் தாளின்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். எண்பத்து மூன்று பல். எண்பத்தொன்பது பல். தொண்ணூற்றேழு பல்.

"இத்தக் கொஞ்சம் பெருக்கிப் பாருங்கம்மா. நான் எதுனா தப்பா தட்டிட்டனான்னு தெரியல."

எண்பத்து மூன்றை எண்பத்தொன்பதால் பெருக்கினேன்: 7387. அதைத் தொண்ணூற்றேழால் பெருக்கினேன்.

716539.

அழித்துவிட்டு மறுபடி பெருக்கினேன். பிறகு கால்குலேட்டரை நம்பாமல் தாளில் பெருக்கினேன். அதேதான். அன்றைக்கு நான் வகுக்காமல் விட்ட பகா எண்கள் மூன்று. எண்பத்து மூன்று, எண்பத்தொன்பது, தொண்ணூற்றேழு. அந்த எண் அந்த மூன்றால் மட்டுமே ஆனது. இருபத்திரண்டு கதவைத் தட்டிவிட்டு, ஆள் இருக்கும் மூன்று வீட்டை மட்டும் தட்டாமல் திரும்பி வந்திருக்கிறேன். எண்பத்து மூன்றால் ஒரே ஒருமுறை வகுத்திருந்தால் போதும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பத்து விநாடி?

"எப்படிப் பாய் கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"எனுக்கு உங்களாட்டம் வகுக்கத் தெரியாதும்மா. பெருக்கத் தெரியும். பத்து லட்சத்துல ஏழு லட்சம் வேணும்னா மூணுமே பெரிய கியராத்தான இருக்கணும்? எழுவத்தி ரெண்டுக்குக் கீழ ஒண்ணு போட்டாலும், மத்த ரெண்டும் நூறா இருந்தாக்கூட எட்டாது. அதனால மேல் வரிசைய மட்டும் பாத்தேன். கடைசி நம்பர் ஒம்போது. அப்ப ரெட்டப்படை வாணாம், அஞ்சுல முடியறதும் வாணாம். மீதி பதினோரு கியர்தான் நின்னுச்சு. அத்த மாத்தி மாத்திப் போட்டேன். மத்தியானத்துல நீங்கல்லாம் சாப்பிடப் போயிருவீங்க. எனுக்கு நோன்பு, வேற இன்னா வேல?"

அவருடைய கண் இருட்டக் காரணம் என்று நான் தலையாட்டிய அதே நோன்பு.

நான் படித்த பாலிடெக்னிக்கில் இப்படி யோசிக்க எனக்கு யாரும் தடை போடவில்லை. எண்ணின் அளவைப் பார், கடைசி இலக்கத்தைப் பார், அலமாரியைப் பார். எதையும் பார்க்காமல் கீழிருந்து ஏறிக்கொண்டே போய், களைத்து நின்ற இடத்தை முடிவு என்று எழுதிவிட்டேன்.

"முதலாளிகிட்ட இப்பவே சொல்லிடறேன் பாய்."

"வாணாம்மா." உடனே தடுத்தார். "எம்பொண்ணு டிப்ளமோ சேர்ந்துகீது. உங்களாட்டம் ஆபீஸ்ல ஒக்காரணும்னு சொல்லிக்கினு கீது. உங்க பேரு கெட்டுப்போனா இந்தச் சேர்ல இன்னொரு பொம்பளப் புள்ளைய ஒக்கார வெப்பாரா மொதலாளி? நம்பர மட்டும் மாத்திக் குடுங்க. மூணாவது நல்லா வந்துச்சுன்னா எல்லாம் சரியாப்பூடும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. சரி என்றேன். பலகையில் சிவப்பை அழித்துவிட்டு அதே எண்ணை வெள்ளையில் எழுதினேன். பார்க்க யாரும் இல்லை.

மூன்றாவது கியரை வெட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது. இந்த முறை ஆலைக்காரர்கள் ஜோடிக் கியரையும் எங்களிடமே அனுப்பிவிட்டார்கள். நீலம் தடவிச் சுற்றினார்கள். நானும் பட்டறைக்குப் போய் நின்றேன். பல்லின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீலம் அப்படியே ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. எல்லாம் முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

முதலாளி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"அப்ப ஒழுங்கா செஞ்சா வருது," என்றார். "அதே மிஷின், அதே ஆளு. மொத ரெண்டுல இன்னா பாய், தூங்கிக்கினு இருந்தியா? வேலைக்கு ஆபத்துன்னதும் கை நேராயிருச்சா? ஆலைக்காரன் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டு இப்ப வித்த காட்டறியா? வேணாம்பா. பெருநாள் முடிஞ்சதும் வேற எடம் பாத்துக்க."

நான் அதிர்ந்து போனேன். சத்தமில்லாமல் நான் எண்ணை மாற்றியது பாயைக் காப்பாற்றவில்லை. நல்லபடியாக வந்த மூன்றாவது கியர், முதல் இரண்டும் அவர் அலட்சியத்தால் கெட்டவை என்பதற்குச் சாட்சியாக நின்றது. அந்தச் சாட்சியைத் தயார் செய்து கொடுத்தவள் நான்.

சாதிக் பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் என்னைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும் என்று கியரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஒருமுறை பார்த்திருந்தால்கூட நான் கோழையாகக் கண்ணைத் தாழ்த்தியிருப்பேனோ என்னவோ. பார்க்காததுதான் என்னைப் பேச வைத்தது.

"சார், அந்த ரெண்டும் என் தப்பு."

முதலாளிக்குப் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். எழுபத்தொன்பதோடு நின்றது, உடையாது என்று சொன்னது, சிவப்பில் எழுதியது, பாய் கண்டுபிடித்தது, திருட்டுத்தனமாக வெள்ளைக்கு மாற்றியது எல்லாம். பட்டறையில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, அதிலிருந்த கால்குலேட்டரில் தானே 716539ஐத் தட்டி, எண்பத்து மூன்றால் வகுத்தார். 8633. மீதி எதுவும் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினியூண்டு வேலையா? அன்னிக்கு இத்த ஒரு வாட்டி தட்டியிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும் சார்."

"ஏம்மா தட்டல?"

"நீங்க கேட்டீங்க. தெரியலன்னு சொல்ல வாய் வரல."

அவர் பக்கத்திலிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார், இப்போதே கிளம்பு என்பார் என்று காத்திருந்தேன். "நானுந்தான் போன வெச்சிகினு தலமேல நின்னேன்," என்றார். பிறகு பாயைப் பார்த்து, "பாய், மனசுல வெச்சிக்காத," என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போனார். என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வாடிக்கையாளர்களிடம் என்னைக் கைகாட்டிப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அதுவும் நியாயம்தான்.

பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நம்பர் தப்பாப் போறது பரவால்லம்மா, யாருக்கும் வர்றதுதான். நீங்க தலையாட்டினீங்க பாருங்க, அத்தப் பாத்தேன். நீங்களே ஒத்துக்கினீங்கன்னா நெசமாவே என் கைலதான் எதோ கோளாறுன்னு நெனச்சிட்டேன். ஊட்ல டீ கிளாஸ் எடுத்தாக்கூட கை ஆடுதான்னு பாத்துகினு இருந்தேம்மா. என் கைய நானே நம்பல."



மறுநாள் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு மூன்றாவதாக ஒரு வரிசை ஏற்படுத்தினேன். உடைந்தவை, உடையாதவை, இன்னும் பார்த்து முடிக்காதவை. எங்கள் தொழிலில் பெரிய எண்களுக்கு இரண்டு வகை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மூன்றாவது வகைதான் அதிகம் என்று அந்த வருஷத்திலேயே தெரிந்துபோனது. சிவப்பில் இருந்ததை எல்லாம் மறுபடி வகுத்துப் பார்த்தேன். இன்னும் சில உடைந்தன. எத்தனை என்று கேட்காதீர்கள்.

உங்களிடம் இப்போது மென்பொருள் இருக்கிறது. எண்ணைப் போட்டால் கண் இமைப்பதற்குள் உடைத்துக் காட்டும். வகுப்பதில் உங்களுக்குத் தவறு வராது. ஆனால் யாராவது போனைக் காதில் வைத்துக்கொண்டு உங்கள் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள், ஆமாவா இல்லையா என்று கேட்பார்கள். அப்போது எந்த மென்பொருளும் உதவிக்கு வராது. "இன்னும் பார்த்து முடிக்கவில்லை, பத்து விநாடி கொடுங்கள்" என்று சொல்ல இப்போதே வாயைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் இரண்டு பெரிய கியர்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. நீங்கள் அதன்மேல் டீ கிளாஸ் வைத்துக்கொண்டு அரட்டை அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டிலும் 17 என்று பஞ்ச் அடித்து, அதன் குறுக்கே உளியால் கோடு கிழித்து, கீழே 83 என்று அடித்திருக்கும். கியர் செய்த வருஷம் என்று உங்களில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

வருஷம் இல்லை. பெருநாள் முடிந்து சாதிக் பாய் வேலைக்கு வந்த முதல் நாள், திரும்பி வந்த அந்த இரண்டிலும் அவர் எண்ணைக் கோடு கிழித்து நீக்கிவிட்டு என் எண்ணைப் போடச் சொன்னேன். "ஆபீஸ்காரங்களுக்கு டோக்கன் நம்பர் கெடையாதேம்மா, எத்த அடிக்கிறது?" என்றார். அவர் பஞ்சைப் பிடித்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஆடவில்லை.

"எண்பத்து மூணு அடிங்க பாய்," என்றேன்.